கேம்ப்பில் கொடுத்த ரத்தம்

ஓசூரில் என் வேலை அளவு பார்ப்பது. லேத்திலிருந்து வரும் பாகங்களை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, சரியாக இருந்தால் ஒரு ட்ரேயிலும் இல்லாவிட்டால் இன்னொரு ட்ரேயிலும் போடுவேன். கருவி சொன்னால் சொன்னதுதான். அதோடு மல்லுக்கட்டுகிற ஆபரேட்டர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான் என்னுடைய ரத்தப் பரிசோதனை முடிவை நம்பாமல் ஊர் ஊராக அலைந்தேன் என்றால் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரிக்கலாம். நான் சொல்ல வந்தது அதைவிடக் கேவலமான ஒன்று.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்நாடக எல்லையைத் தாண்டிப் போய், ஒரு லாட்ஜில் பணம் கொடுத்து ஒரு பெண்ணோடு இருந்துவிட்டு வந்தேன். ஒரே ஒரு முறை. ஆணுறை போடவில்லை. திரும்பி வந்து இறங்கிய ஓசூர் பஸ் ஸ்டாண்டில் எய்ட்ஸ் விழிப்புணர்வு போர்டு ஒன்று உண்டு. எத்தனையோ தடவை அதன் நிழலில் நின்று டீ குடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.

மூன்றாவது வாரம் ஜுரம் வந்தது. நான் தங்கியிருந்த மூக்கண்டப்பள்ளியில் பாதிப் பேருக்கு வந்த ஜுரம்தான். ஆனால் எனக்கு மட்டும் அது அந்த நோயின் ஜுரம். கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பதும், கழுத்தைத் தடவிக் கட்டி தேடுவதுமாக ஷிப்டுகள் போயின.

ஐந்தாவது வாரம் கம்பெனியில் ரத்ததான முகாம் போட்டார்கள். கொடுக்கிற ரத்தத்தில் இந்த நோயையும் சோதிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தால் கூப்பிட்டுச் சொல்வார்கள். லேப் வாசலில் யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். தப்பான உறவு உண்டா, சமீபத்தில் ஜுரம் வந்ததா என்று படிவத்தில் கேட்டிருந்த எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுக் கையை நீட்டிப் படுத்தேன். அறையில் என்னோடு தங்கியிருந்த திருநெல்வேலிக்காரன் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். “ஏல, ஊசின்னா ஓடுத ஆளு, இன்னைக்கு என்ன கொடை வள்ளலாயிட்ட?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எழுந்ததும் ஜூஸும் சான்றிதழும் கொடுத்தார்கள்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நிம்மதி இரண்டே நாள் இருந்தது. வேறு யாருடைய பாட்டிலோடாவது மாறியிருக்கும் என்று தோன்றியது. ஓசூரில் ஒரு லேபில் பார்த்தேன், நெகட்டிவ். பெங்களூருக்குப் போய்ப் பார்த்தேன், நெகட்டிவ். மூன்று மாதம் தாண்டியபின் கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில் எடுத்ததும் நெகட்டிவ். அங்கிருந்த ஆலோசகர் அம்மா, “மூணு மாசம் தாண்டி எடுத்திருக்கீங்க, இதுதான் முடிவு. இனிமே இதுக்காக வராதீங்க” என்று தெளிவாகச் சொன்னார். அடுத்த மாதமே வேறு பெயர் சொல்லிக்கொண்டு அதே அறையில் போய் உட்கார்ந்தேன்.

அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. ரத்தம் எடுக்க அனுப்பி, நாலாவது நெகட்டிவையும் கையில் கொடுத்துவிட்டு, “இப்பவாவது நம்பிக்கை வந்துச்சுங்களா?” என்றார்.

நான் சந்தேகங்களை அடுக்க ஆரம்பித்தேன். கிட் பழசாக இருந்தால்? என் உடம்பு மட்டும் வேறு மாதிரியாக இருந்தால்? அந்த வேகத்தில் வாய் தவறி, “கம்பெனி கேம்ப்புல ரத்தம்கூடக் குடுத்துப் பார்த்தேம்மா, அவங்களும் ஒண்ணும் சொல்லலை” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எப்பக் குடுத்தீங்க?”

“அஞ்சாவது வாரம்.”

“அப்ப உங்களுக்கு நோய் இருக்குதுன்னு நெனச்சிட்டு இருந்தீங்க இல்ல?”

“ஆமா.”

“நெனச்சிட்டேதான் குடுத்தீங்களா?”

அந்த நிமிஷம் வரைக்கும், சத்தியமாகச் சொல்கிறேன், என் ரத்தம் இன்னொருவர் உடம்புக்குள் போகும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

“அஞ்சாவது வாரத்துல சில பேருக்கு நோய் இருந்தாலும் டெஸ்ட்ல தெரியாதுங்க” என்றார். “உங்களுக்கு இல்ல, அதனால அந்த ரத்தத்தை ஏத்திக்கிட்டவங்க தப்பிச்சாங்க. நீங்க அவங்களைக் காப்பாத்தல. இந்த ரிப்போர்ட்டை நம்பலைன்னா, அந்த ரத்தம் யாருக்குப் போச்சுன்னு தேடிப் போங்க. நம்பினா வீட்டுக்குப் போங்க.”

வீட்டுக்குப் போனேன். ஓசூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து பரிசோதனைக்குப் போகவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கிற பழக்கம் போக மட்டும் ஒரு வருஷம் ஆனது. தைரியம் வந்து நம்பினேன் என்று சொல்ல ஆசைதான். அந்த முடிவு பொய் என்றால் நான் ஒருவரைக் கொன்றவன். அதைத் தாங்க முடியாமல்தான் நம்பினேன். அதுவும் எனக்காகத்தான்.

நாலைந்து வருஷம் கழித்து, ஓசூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு யூனிட் ஏற்ற வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நர்ஸ் பையை மாட்டும்போது, “டெஸ்ட் பண்ணினதுதானே சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“எல்லாம் பண்ணினதுதான் சார். நெகட்டிவ்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கொடுத்தவன் எதற்காகக் கையை நீட்டிப் படுத்தானோ, படிவத்தில் எதை எதை மறைத்தானோ என்று நினைத்தபடி சொட்டுகளை எண்ணினேன். பிடுங்கி எறியவும் முடியாது. அவளுக்கு அதுதான் உயிர். அவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று, கேட்க எந்த யோக்கியதையும் இல்லாத நான் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, காலியான பையைப் பார்த்துச் சொன்னாள்.

“யாரோ ஒரு புண்ணியவான் குடுத்திருக்காங்க. நல்ல மனசு இல்லையா?”

அவளிடம் இன்றுவரை எதையும் சொன்னதில்லை. அன்றும் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.