குடத்துக்குள் ஒரு ஆள்

போன வாரம் பாத்திரக் கடை மாடசாமி என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் நான் எடுத்துக் கொடுத்த போட்டோ. முகத்தில் கடுகடுப்பு.

"அண்ணாச்சி, குடத்துக்குள்ள யாரோ நிக்காவளே... யாரு அது?"

வாங்கிப் பார்த்தேன். பளபளவென்று தேய்த்த பித்தளைக் குடம். அதன் வயிற்றில் இரண்டு பல்பு, முக்காலி மேல் ஒரு காமிரா, பக்கத்தில் பனியனோடு ஓர் ஒல்லி மனிதர். சாட்சாத் நானேதான்!

"கொழும்புக்காரன் குடத்தைக் கேட்டானா, உங்களக் கேட்டானா? வெள்ளிக்கிழமைத் தபால்ல நல்ல படம் போகலைன்னா ஆர்டர் கைவிட்டுப் போயிரும். பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். அவர் வந்து போன பிறகுதான் வீடு எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று தெரிந்தது.

மனைவி காலமான பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இந்தப் போட்டோ. மகள் ஜாம்ஷெட்பூரில் குடித்தனம். முன் அறை காலி. அதையே ஸ்டூடியோ ஆக்கினால் என்ன?

அப்போதே மதுரைக்கு ரயிலேறிப் போனேன். காமிராக் கடைக்காரர் பொறுமைசாலி. கையடக்கக் காமிரா ஊர் சுற்றத்தான் லாயக்கு. சாமான்களை எடுக்க ஸ்டாண்டில் நிற்கிற பெரிய காமிராதான் சரி என்றார். ஒரு பல்பு போட்டால் மறுபக்கம் இருட்டு அப்பும், இரண்டாக வாங்குங்கள் என்றார். எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் கரண்ட் குறைந்து பல்பு மிளகாய்ப் பழம் மாதிரி மங்கலாக எரியும். அதனால் பகலில்தான் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பில் போடும்போது கேட்டார்: "வீட்ல எத்தனை பேரை நிக்க வச்சு எடுக்கப் போறீங்க சார்?"

"ஆளே இல்லீங்க. குடம், சொம்பு, குத்துவிளக்கு..."

அவர் பில்லைக் கிழித்து நீட்டினார். காமிராவையும் பல்புகளையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன்.

சரி, குடத்துக்குள் நிற்கிற ஆளை எப்படி விரட்டுவது? குடத்தைச் சுற்றி வெள்ளை வேட்டியைக் கூடாரமாகப் பிடித்து, லென்சுக்கு மட்டும் ஒரு ஓட்டை விட வேண்டும். வெளிச்சம் வேட்டிக்கு வெளியே இருந்து வரவேண்டும். யோசனை பிரமாதம்! நாற்காலியில் கட்டினேன், சரிந்தது. ஜன்னல் கம்பியில் கட்டினேன், அவிழ்ந்து பல்பில் விழுந்து கருகியது. காமிரா இருக்கிறது, பல்பு இருக்கிறது... வேட்டியின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் இல்லையே!

வியாழக்கிழமை. வேறு வழியில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். நெசவு நெய்கிற சண்முகம் தறியை நிறுத்திவிட்டு வந்தார். அவர் மனைவி கோமதியும் கூடவே வந்தார். ஆளுக்கொரு முனை பிடித்தார்கள்.

"வேட்டி தீஞ்சிராதா அண்ணாச்சி?"

"ஆடாம நில்லு கோமதி. அண்ணாச்சி குடத்துக்குப் பரிவட்டம் கட்டுதாவ!"

மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்துத்தான் படம் எடுத்தேன். அப்புறம் காப்பி போட்டேன். வெகு நாளைக்குப் பிறகு மூன்று தம்ளர் எடுத்தேன்.

"ஏன் அண்ணாச்சி, இத்தன நாளா ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்லா?" என்றார் சண்முகம்.

அவர் தம்ளரில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன்.

படம் துல்லியம். குடத்தில் யாரும் இல்லை. மாடசாமி ஒரே குஷியாகத் தபாலில் சேர்த்துவிட்டார். வேலை முடிந்தது. மறுநாள் வீடு மறுபடி பழையபடி ஆனது. தாங்கவில்லை. போய்த் தட்டினேன். சண்முகம்தான் திறந்தார்.

"வாங்க அண்ணாச்சி! இன்னைக்கு எதைப் பிடிக்கணும்?"

எதையும் இல்லை, சும்மாதான் வந்தேன் என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. "ஒரு தீப்பெட்டி கிடைக்குமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நல்லவேளை... வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க நாளைக்கு ஒரு நடை போகலாம்.