ஊட்டி ரோட்டில் கரடி இல்லை

எங்கள் எஸ்டேட் கிரிக்கெட் கிளப்பில் என் தாய்மாமா உருப்படியாக ஒரு மேட்ச் ஆடி நான் பார்த்ததில்லை. மட்டையைத் தூக்கிக்கொண்டு போவார், போன வேகத்தில் திரும்பி வருவார். ஆனால் கிளப்புக்குச் செயலாளர் அவர்தான். பகலில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி ஓட்டுவார், சாயங்காலமானால் எங்களை மேய்ப்பார்.

குன்னூருக்குக் கீழே மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த மைதானம் அது. சுற்றிலும் தேயிலை. ஓங்கி அடித்தால் பந்து செடிகளுக்குள் போய்விடும். உள்ளே கரடி படுத்திருக்கலாம், காட்டெருமை நிற்கலாம். அதனால் பந்து தேட எவனும் தனியாகப் போகக்கூடாது. மலையில் எல்லா மைதானத்திலும் உள்ள வழக்கம்தான். மாமா அதோடு நிறுத்தவில்லை. பெரியவர் ஒருவர் கூட வந்தாலும் பையன்கள் இரண்டு பேராகத்தான் போகவேண்டும் என்று கூடுதலாக ஒரு விதி போட்டிருந்தார். பெரிய ஆள் கூட வரும்போது இன்னொரு பொடியன் எதற்கு, கரடிக்குத் தொட்டுக்கொள்ளவா என்று நாங்கள் கேலி செய்வோம். மாமா விளக்கம் சொல்லமாட்டார். கெட்ட வார்த்தை பேசினால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, அம்பயரை முறைத்தால் அந்த வாரமே கிடையாது. ஏன் எதற்கு என்று கேட்டால் லாரியைக் கழுவவேண்டும்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்களுக்கு ஒரு கோச் கிடைத்தார். கோயம்புத்தூரில் லீக் ஆடியவர், குன்னூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சம்பளம் வேண்டாம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். வந்த கொஞ்ச நாளிலேயே என் பந்துவீச்சை எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒருநாள் புது ஸ்பைக் ஷூ கொண்டுவந்து கொடுத்தார். மற்ற பையன்களிடம் சொல்லாதே, பொறாமைப்படுவார்கள் என்றார். நான் சொல்லவில்லை. ஆனால் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் இருக்க முடியுமா? மாமா பார்த்துவிட்டார். யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார், சொன்னேன். திருப்பிக் கொடு என்பார் என்று பயந்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாரா மாப்ள?"

ஆமாம் என்றேன். மாமா லாரிச் சாவியைக் கையில் உருட்டினார். நல்ல ஷூதான், மழையில் நனைக்காதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் ஊட்டியில் மாவட்டச் சிறுவர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் கிளப்பிலிருந்து என்னை மட்டும் அனுப்பலாம் என்றார் கோச். முந்தின நாள் சாயங்காலமே தன் பைக்கில் கூட்டிப்போய், தெரிந்தவர் அறையில் தங்கவைத்து, காலையில் மைதானத்தில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் இவ்வளவு நல்ல மனிதரா என்று தலையாட்டிவிட்டார்கள். அந்த அணியில் சேர்வதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசையே கிடையாது. மாமாதான் குறுக்கே நின்றார்.

"இன்னொரு பையனும் கூட வரட்டுங்க சார். இல்லீன்னா நானே கூட்டிட்டு வந்தர்றனுங்க."

பைக்கில் எத்தனை பேரை ஏற்றுவது என்று கோச் கேட்டார். மாமா தன்னுடைய பந்து தேடும் விதியை எடுத்துச் சொன்னார். கோச் சிரித்துவிட்டார்.

"ஊட்டி ரோட்டுல ஏதுங்க கரடி?"

"இல்லீங்க சார். ஆனா ரூலு ரூலுதானுங்களே."

பையன்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. கோச் சிரிப்பை நிறுத்திவிட்டு, என்மேல் சந்தேகமா என்று கேட்டார். மாமா தலையைச் சொறிந்துகொண்டு அங்கேயே நின்றார்.

ஆள் எடுக்கும் நாளன்று விடிவதற்குள் மாமாவே என்னை எழுப்பி பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனார். முதல் பஸ் அன்றைக்குப் பார்த்து வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினால், சீசன் கூட்டம். அருவங்காட்டிலேயே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. சுற்றுலா வந்தவர்கள் வேனிலிருந்து இறங்கி, கேரட்டைக் கடித்தபடி மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழ ஆரம்பித்தேன். ஊட்டி நெருங்கியதும் மாமா என் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். இருவரும் ஓடினோம். மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பையன் ஒரே ஒரு ஓவர் போடட்டும் என்று மாமா கைகூப்பிக் கெஞ்சினார். அடுத்த வருஷம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும்.

அதன்பிறகு கோச் எங்கள் மைதானத்துப் பக்கம் வரவில்லை. கொஞ்ச நாளில் அறையையும் காலி செய்துகொண்டு போய்விட்டார். எஸ்டேட்டே மாமாவைத்தான் ஏசியது. தனக்கு ஆட வராத வயிற்றெரிச்சலில் நல்ல மனிதனை விரட்டிவிட்டான், பையனின் எதிர்காலத்தில் மண்ணைப் போட்டுவிட்டான் என்றார்கள். அம்மாகூட அவருக்குச் சரியாக முகம் கொடுக்கவில்லை. நானும் அந்தக் கட்சிதான். மாமா யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஷூ விஷயத்தை எடுத்து விட்டிருந்தால் பாதிப் பேர் வாயை மூடியிருப்பார்கள். மீதிப் பேர் என்னைப் பார்த்து வேறு மாதிரி பேச ஆரம்பித்திருப்பார்கள். அதற்காகத்தான் அவர் வாயைத் திறக்கவில்லை என்பது இப்போது புரிகிறது.

இன்று என் மகள் கோயம்புத்தூரில் கிரிக்கெட் வகுப்புக்குப் போகிறாள். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றக்கூடாது என்று அங்கே சுவரில் பெரிதாக எழுதிப்போட்டிருக்கிறார்கள். படிக்கிற யாரும் சிரிப்பதில்லை.

அந்தக் கோச் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தங்கமான மனிதராகவே இருந்திருக்கலாம். அப்படியானால் மாமா அவருக்குச் செய்தது அநியாயம். மாமாவுக்கும் அது தெரிந்துதான் இருக்கும். கோச் எப்படிப்பட்டவர் என்று நான் தெரிந்துகொள்ளும்படி நேர்ந்துவிடக் கூடாது என்பது மட்டுமே மாமாவின் கவலை.

அன்று ஊட்டியிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில், மாமா வாங்கிக் கொடுத்த பன்னைத் தொடாமல், எனக்கு ஒன்றுமே நடக்கவில்லையே என்று வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.