வறுக்காத சோயா

மத்தூர்ப் பக்கம் எங்கள் அரை ஏக்கரில் சோயா விதைத்தது என் யோசனைதான். கொட்டகையில் நாட்டுக்கோழிக் குஞ்சுகளை அடைத்து வளர்த்தோம். கடைத் தீவனம் கட்டுப்படியாகவில்லை. அதில் சேர்ப்பது சோயாப் புண்ணாக்குதானே, பயிரையே போட்டுக்கொண்டால் என்ன என்று கணவரிடம் சொன்னேன்.

அறுவடை முடிந்து, மக்காச்சோளத்தோடு சேர்த்து மில்லில் அரைத்து வந்த அன்று என் அண்ணன் வீட்டுக்கு வந்தான். ஓசூரில் ஒரு தீவன ஆலையில் பல வருடமாகக் கலவைப் பிரிவில் வேலை பார்ப்பவன். மூட்டையைப் பிரித்து ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்தான். உடனே வெளியே போய்த் துப்பினான்.

"என்னண்ணா, நல்லால்லியா?"

"நல்லாத்தான் இருக்குது. போடு, போடு."

போட்டேன். குஞ்சுகள் தின்றன, வளரவில்லை. தண்ணீராகக் கழிந்தன. ஒன்றரை மாதமாகியும் கையில் அடங்கும் அளவுதான். நான் பார்த்து வாங்கிய குஞ்சுகளே சரியில்லை என்று கணவர் தினமும் குத்திக்காட்டினார். செத்த இரண்டை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வயிற்றைக் கீறிப் பார்த்துவிட்டு, என்ன தீவனம் என்றார். சொன்னேன்.

"வறுத்தீங்களா?"

"இல்லைங்க."

"பச்சைச் சோயா கோழிக்குச் செரிக்காதும்மா. தீவன ஆலையில வேலை செய்யற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே."

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பச்சையாப் போடக்கூடாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெனமும் அந்த வேலைதானே பாக்கறேன். தெரியாம இருக்குமா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னான்.

"அப்பா நெலத்துல உன் பங்க விட்டுக்குடுத்துக் கையெழுத்துப் போடுன்னு மூணு தடவ கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னியே. நானும் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

மிச்சமிருந்த சோயாவை இரண்டு நாள் அடுப்படியில் நின்று வறுத்தேன். பிழைத்த கோழிகள் மெல்லத் தேறின. ஆனாலும் குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு வியாபாரி நெஞ்செலும்பை அமுக்கிப் பார்த்து, "காத்தத் தின்னு வளந்துச்சாம்மா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

தை மாதம் பத்திர ஆபீசில் அண்ணன் கேட்டபடியே கையெழுத்துப் போட்டேன். கணவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணன் டீ வாங்கி நீட்டினான். நான் வாங்கவில்லை. நிலம் போனதில் வருத்தம் இல்லை என்றால் அது பொய். ஆனால் இனி என் வீட்டுப் படியேற அவனுக்கு ஒரு காரணமும் கிடையாது.