மாஸ்டர் பக்கத்துப் பெடல்

பட்டறையில் அவருக்குப் பிளேட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக லாரிகளின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்து கிளட்ச் பிளேட் மாற்றுவதுதான் வேலை. ஒரு வண்டி வாசலைத் தாண்டி உள்ளே நுழையும்போதே, படுத்த இடத்திலிருந்து, "பிளேட் நல்லாத்தான் இருக்கு, பேரிங் போயிடுச்சு" என்று குரல் கொடுப்பார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். மீதி ஒன்றுக்கு டிரைவர் மேல் பழியைப் போட்டுவிடுவார்.

இத்தனை லாரியைத் தொட்டவர் ஒரு லாரியைக்கூட ரோட்டில் ஓட்டியதில்லை. பட்டறைக்குள் நாலடி முன்னே, நாலடி பின்னே, அவ்வளவுதான். காருக்கு லைசென்ஸ் இருந்தது, லாரிக்கு இல்லை. பழுது பார்த்த வண்டிகளை வெளியே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கவென்று இருந்த ஆள் மகளோடு போய் இருந்துகொள்ள, பட்டறைக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது.

பட்டறை முதலாளியம்மா ஒரு காலையில் இவரையும் எலெக்ட்ரீசியனையும் கூப்பிட்டார். எலெக்ட்ரீசியனுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், எவ்வளவு சிக்கலான வயரையும் பிரித்து வைக்கும் விரல்கள்.

"ரெண்டு பேரும் லாரி லைசென்ஸ் எடுங்க. செலவு என்னோடது. எங்க கத்துக்கிறதுன்னு பிளேட்டு பாத்து சொல்லட்டும். அவர் மொதல்ல போகட்டும். அவருக்குத் திருப்தின்னா உன்னை அனுப்பறேன்."

அன்று வீட்டில் சாப்பிடும்போது பிளேட்டு விஷயத்தைச் சொல்லி, "எனக்கென்ன, ரெண்டு நாள் போதும்" என்றார்.

மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்காருபவர். ஒரு நாளைக்கு எண்ணூறு பேருக்குப் பதில் சொல்லும் வாய். "ரெண்டு நாளா? அது என்ன சைக்கிளா? எங்க போய் சேருறதா இருந்தாலும் நானும் வரேன். நீங்க வண்டியைப் பாத்துட்டு வந்துடுவீங்க. ஆளை யார் பாக்கிறது?"

ஊரில் லாரி ஓட்டச் சொல்லித்தரும் இடங்கள் மூன்று. மூன்றின் வண்டிகளும் இதே பட்டறைக்குத்தான் வரும். அதனால் மற்றவர்கள் போர்டைப் படித்துத் தெரிந்துகொள்வதைப் பிளேட்டு அடியில் படுத்தே தெரிந்து வைத்திருந்தார்.

முதல் இடத்து லாரி மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பிளேட் கருகி வரும். கழற்றும்போதே தீய்ந்த வாடை மூக்கைப் பிடுங்கும். ஓட்டுகிறவனின் கால் கிளட்ச்சை விட்டு இறங்குவதே இல்லை, இறக்கு என்று சொல்லவும் பக்கத்தில் ஆளில்லை என்று அர்த்தம். இருந்தாலும் கேட்டுவிடலாம் என்று போனார்கள்.

"இருபது நாள். இருபத்தோராவது நாள் லைசென்ஸ் உங்க கையில. அது என் பொறுப்பு" என்றார் அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

"ஓட்ட வரலைன்னா?" என்றார் மனைவி.

"அதான் லைசென்ஸ் வந்துடுமே மேடம்."

மனைவி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது இடத்தில் லாரி கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. அந்த வண்டியில் பிளேட் கருகியதும் கிடையாது. மாஸ்டர் சிரித்த முகமாகப் பேசினார். மனைவிக்கே பிடித்துவிட்டது. பிளேட்டு மட்டும் கேபினுக்குள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். பயிற்சி வண்டி ஆகையால் பிரேக்கும் கிளட்ச்சும் இரண்டு ஜோடி, கற்றுக்கொள்கிறவருக்கு ஒன்று, மாஸ்டருக்கு ஒன்று. கற்றுக்கொள்கிறவர் பக்கத்துப் பெடல் ரப்பரில் வரிகள் கடையில் வாங்கியது போல அப்படியே இருந்தன. மாஸ்டர் பக்கத்து ரப்பர் குளித்து முடித்த சோப்பு மாதிரி வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தது.

வெளியே வந்து மனைவியிடம் சொன்னார். "வண்டிய இவரேதான் ஓட்டுறாரு. கத்துக்க வந்தவங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஊர் சுத்திப் பாத்துட்டுப் போயிருக்காங்க."

மூன்றாவது இடம் ஊர்க் கோடியில் ஒரு பழைய கிடங்கு மைதானம். அந்த வண்டிக்கு நாலு வருடத்தில் ஒரே ஒரு தரம் பிளேட் மாற்றியிருந்தார். அது வட்டம் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்ததை அன்றைக்கே ஓரமாக வைத்து எலெக்ட்ரீசியனுக்குக் காட்டியது நினைவிருந்தது. இப்போது கேபினுக்குள் குனிந்தார். கற்றுக்கொள்கிறவர் பெடல் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. மாஸ்டர் பக்கத்துப் பெடலில் வரிகள் விரலில் குத்தின.

பிளேட்டு அந்த ரப்பர் மேல் கையை வைத்தபடி நின்றுவிட்டார். எத்தனை நூறு பேர் இந்த இருக்கையில் உட்கார்ந்து பதறியிருப்பார்கள். ஒவ்வொரு பதற்றத்துக்கும் பக்கத்தில் ஒரு மனிதர் மிதிக்காமல் இருந்திருக்கிறார். நாலு வருடம்.

"உங்க கால் எங்க இருக்கும்?" என்று மாஸ்டரிடம் கேட்டார்.

மாஸ்டருக்கு நாற்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கிற குரல். பதினைந்து வருடம் எண்ணெய் டேங்கர் ஓட்டியவர். "பெடலுக்கு மேலேயேதான் இருக்கும். மிதிக்கிற நிலைமை வர்றதுக்கு முன்னாடியே பேசிடுவேன்."

"எத்தனை நாள் ஆகும்?" என்று மனைவி ஆரம்பித்தார்.

"தெரியலையே மேடம். ஓட்டிப் பாக்காம எப்படிச் சொல்றது?"

எண்ணூறு பேருக்குப் பதில் சொல்கிறவர் கணவர் பக்கம் திரும்பி, "ஏறிப் பாருங்க" என்றார்.

பழகுநர் உரிமம் போன மாதமே எடுத்திருந்ததால் கையில் இருந்தது. பிளேட்டு ஏறி உட்கார்ந்தார். மைதானத்தில் இரண்டு சுற்று, பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த கிடங்குத் தெருவில் அரை மணி நேரம். கிளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்கியது, கியர் சத்தமில்லாமல் விழுந்தது. திரும்பி வந்து நிறுத்தியதும் பிளேட்டு பாராட்டை எதிர்பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிளட்ச், கியர் ரெண்டுக்கும் நான் சொல்லித்தர ஒண்ணுமில்ல. நீங்கதான் எனக்குச் சொல்லணும்" என்றார் மாஸ்டர். "ஆனா அந்த நாலாவது திருப்பத்துல ஏதோ கேட்ட மாதிரி தலையைச் சாய்ச்சீங்களே, என்ன?"

"பின்னால போற ஷாப்ட்ல நடு பேரிங். லேசா முனகுது. அடுத்த மாசத்துக்குள்ள பாத்துடணும்."

"சரியாச் சொன்னீங்க. அந்த நேரத்துல இடது பக்கம் ஒருத்தர் சைக்கிள்ல வந்தாரு. பாத்தீங்களா?"

பிளேட்டு பார்க்கவில்லை.

"உங்க காது வண்டி ஓட்டுது. கண்ணு சும்மா கூட உக்காந்து வருது." குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. ஜுரம் எத்தனை டிகிரி என்று சொல்வது போல இருந்தது. "இறங்காதீங்க. இஞ்சினை மட்டும் நிறுத்துங்க."

அடுத்த வகுப்புக்கு வந்து மர நிழலில் நின்றிருந்தவர்களை மாஸ்டர் கைகாட்டிக் கூப்பிட்டார். பிளேட்டின் மனைவியையும் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஒவ்வொருவராக வந்து வண்டியைச் சுற்றி எங்கெங்கோ மறைந்தார்கள். மைதானம் அமைதியானது.

"எத்தனை பேர் தெரியறாங்க?" என்றார் மாஸ்டர் ஜன்னலுக்குக் கீழே நின்று.

வலது கண்ணாடியில் கிடங்குச் சுவர். இடது கண்ணாடியில் வேலி, வேலிக்கு மேல் ஒரு காக்கை. முன்னால் வெறும் தரை. பிளேட்டு எக்கிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். "யாருமே இல்லையே. எல்லாரும் போயிட்டாங்களா?"

"இறங்கி வாங்க."

இறங்கினார். பம்பரை ஒட்டி இரண்டு பேர். பின் சக்கரத்தருகே ஒருவர். வண்டிக்குப் பின்னால் நான்கு பேர் தோளோடு தோள் உரசி நின்றிருந்தார்கள். இடது பக்கம் முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் மனைவி. சக்கரம் அவர் இடுப்பு உயரத்துக்கு நின்றது.

எட்டுப் பேர். இந்த வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் பிளேட்டுக்கு அத்துப்படி. இதைச் சுற்றி எட்டுப் பேரை விழுங்கிக்கொண்டு ஒன்றுமே தெரியாதது போல் நிற்கிற ஒரு வெட்டவெளி இருப்பதை இருபத்திரண்டு வருடமாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அடியில் படுத்திருந்தவருக்கு அது தெரியவும் வழியில்லை.

"நான் இவ்வளவு நேரமும் அந்தக் கதவைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார் மனைவி. குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "நீங்க உள்ள இருக்கீங்கன்னே தோணல."

மாஸ்டர் கணக்குச் சொன்னார். பதினொரு நாள். கண்ணாடி பார்ப்பது, பின்னால் எடுப்பது, பாரத்தோடு இறக்கம். கிளட்ச்சுக்கு ஒரு நாளும் தேவையில்லை. "மலைப்பாதை நான் சொல்லித் தர்றதில்ல. எனக்கே அதுல பழக்கம் போதாது. தேவைப்பட்டா வேற ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட அனுப்பி வைக்கிறேன்."

தெருவுக்கு வந்ததும் மனைவி சொன்னார், "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றாருங்க. இங்கேயே சேந்துடுங்க."

முதல் மூன்று நாள் மைதானத்துக்குள்ளேயே, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னார் மாஸ்டர். பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சத்தமில்லாத லாரி பிளேட்டுக்கு முகமில்லாத மனிதன் மாதிரி இருந்தது. "கம்பம். பூனை. டிரம். மறுபடியும் பூனை" என்று சொல்லிக்கொண்டே சுற்றினார். நாலாம் நாள் பஞ்சை எடுத்துவிட்டு ரோட்டுக்குப் போனபோது, உலகத்தில் இத்தனை பேர் நடமாடுகிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்கு நடந்து போகும்போதும் "செருப்புக் கடை வாசல்ல ரெண்டு பேர்" என்று உதடு முணுமுணுத்தது.

ஒன்பதாம் நாள் வண்டியில் மணல் ஏற்றியிருந்தார்கள். ஆற்றுப் பாலத்துக்கு ஏறி மறுபக்கம் நீளமாக இறங்கும் சாலை.

"கியரை மேலேயே குறைச்சிடுங்க. இறங்க ஆரம்பிச்சப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா வண்டி கேக்காது."

குறைத்தார். சரிவில் மூக்கு இறங்கியதும், முதுகுக்குப் பின்னால் ஒரு ஊரே எழுந்து நின்று தள்ளுவது போல இருந்தது. பத்து டன் மணல். இஞ்சின் உறுமிப் பிடித்தது. வண்டி ஓடவில்லை, நடந்தது. பிளேட்டின் கண் கண்ணாடிக்கும் சாலைக்குமாகப் போய்ப் போய் வந்தது. ஒரே ஒரு கணம் பக்கத்தில் பார்த்தார். மாஸ்டரின் கால் பெடலுக்கு மேல் ஒரு விரற்கடையில், மூச்சுவிடுவது போல லேசாக அசைந்துகொண்டு நின்றது. தொடவில்லை.

கீழே சமதரையில் ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்த சரிவைக் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார்.

"இறக்கத்துல இவ்வளவு பாரத்தையும் இஞ்சின் பிடிக்குது" என்றார். "பிடிக்கிற பிடி மொத்தமும் அந்த பிளேட் வழியாத்தானே போகுது?"

"ஆமா."

"சாப்பாட்டுத் தட்டு அளவுதாங்க இருக்கும் அது." இரண்டு கைகளையும் விரித்து அளவு காட்டினார். மூவாயிரமோ நாலாயிரமோ மாட்டியிருப்பார். ஒவ்வொன்றையும் மாட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். அதன் மேல் யார் யார் எந்தெந்த இறக்கத்தில் உயிரை வைத்துக்கொண்டு இறங்கினார்களோ. மாஸ்டர் அவரை அவசரப்படுத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் முடிந்து, அடுத்த வாரமே லைசென்ஸ் வந்தது. பட்டறையில் ஒவ்வொரு வண்டியையும் எடுப்பதற்கு முன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவது பிளேட்டுக்கு வழக்கமாயிற்று. முதலாளியம்மா, "திருப்தியா?" என்று கேட்டார். "நம்ம எலெக்ட்ரீசியனை நாளைக்கே அனுப்புங்க" என்றார் பிளேட்டு.

எலெக்ட்ரீசியனை மாஸ்டர் இருபது நிமிடம்தான் ஓட்டவிட்டார். தூரத்துச் சிவப்பு விளக்குக்கு அவன் கிட்டே போன பிறகே பிரேக் பிடித்ததை இரண்டு தரம் கவனித்தார். பிறகு ஓரமாக நிறுத்தச் சொன்னார். "நாள் கணக்கு அப்புறம் பேசலாம். மொதல்ல கண் டாக்டரைப் பாத்துட்டு வாங்க."

அவன் முகம் தொங்கிப்போய்ப் பட்டறைக்கு வந்தான். "தலைமுடி கனம் வயரைப் பிரிக்கிறேண்ணே. எனக்கா கண்ணு தெரியாது?"

"பக்கத்துல தெரியுது. போய்த்தான் பாரேன். அந்த ஆளு சும்மா சொல்ல மாட்டாரு" என்றார் பிளேட்டு.

ஐந்து நாள் கழித்து அவன் கண்ணாடியோடு வந்தான். கறுப்புச் சட்டம், மூக்கில் இன்னும் சரியாக உட்காரவில்லை. வேலைக்கு உள்ளே போகாமல் பட்டறை வாசலிலேயே நின்றான். பிளேட்டு வெளியே வந்து பார்த்தபோது, தெருக்கோடியில் திரும்பும் வண்டிகளின் நம்பர்களை ஒவ்வொன்றாக, மெதுவாக, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான். பிறகு அதற்கும் அப்பால், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி வேலை செய்துகொண்டிருந்த ஒருவரைக் கையால் காட்டினான்.

"அண்ணே, அவர் கையில இருக்கிறது ஸ்பானர்" என்றான்.