பத்து இருபத்தைந்து என்று தட்டிய வெள்ளிக்கிழமை

1. மணி கேட்கும் மிஷின்

எண்பதுகளின் கடைசியில், காரைக்காலுக்கு வெளியே இருந்த ஒரு தனியார் நூற்பாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதல் நாள் எனக்குச் சொல்லப்பட்ட முதல் வேலை, செருப்பைக் கழற்றி வெளியே விடுவது. ஆலையின் பஞ்சுத் தூசியும் கடல் காற்றின் உப்பும் அந்த அறைக்குள் போகக்கூடாது. இரண்டும் போயின. அது வேறு விஷயம்.

உள்ளே பீரோ உயரத்தில் ஒரு மினி கம்ப்யூட்டர் இருந்தது. இப்போதுபோல் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடிக்கப் போக முடியாது. தாம்பாளம் அளவுள்ள டிஸ்க் பேக்கை டிரைவில் இறக்கி, மூடி, சுழலவிட வேண்டும். ‘ரெடி’ விளக்கு எரிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பிறகு முன்பக்கத்தில் இருந்த பதினாறு சுவிட்சுகளில் முதல் நான்கு மேலே, அடுத்தது கீழே, அடுத்த இரண்டு மேலே, மீதி ஒன்பதும் கீழே. மிஷின் எழுந்திருக்க வேண்டிய முகவரி அது. ‘லோட்’ அழுத்தி, ‘ஸ்டார்ட்’ அழுத்தினால் டிஸ்க் ஒரு முறை செருமும். கன்சோல் என்று நாங்கள் சொன்ன தட்டச்சு டெர்மினல், காகிதத்தில் தன் பெயரை அடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்கும்: தேதி என்ன, மணி என்ன?

மின்சாரம் போனால் அந்த மிஷினுக்குக் காலம் மறந்துவிடும். நாம் தட்டுவதுதான் அதற்கு மணி. அங்கிருந்து அது எண்ணத் தொடங்கும். எந்த டெர்மினலில் யார் என்ன கட்டளை கொடுத்தாலும், அந்த மணியோடு கன்சோல் காகிதத்தில் ஒரு வரி விழும்.

எங்கள் பிரிவின் பொறுப்பாளர் வைத்தியநாதன் சார். கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். வேலையில் கெட்டி. ஒரே ஒரு நிபந்தனை, ராகு காலத்தில் மிஷினைத் தொடங்கக்கூடாது. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும் என்பதால் ஏழு மணிக்கே வந்து சுவிட்ச் போடச் சொல்வார். வந்தோம்.

2. வெள்ளிக்கிழமை

அன்று மாதாந்திர உற்பத்தி அறிக்கை ஜி.எம். மேஜைக்குப் போக வேண்டும். மூன்று டெர்மினல்களிலும் பதிவு நடந்துகொண்டிருந்தது. பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் மின்சாரம் போனது. திரும்பி வந்து, டிஸ்க் சுழன்று, கன்சோல் மணி கேட்டபோது சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

“பன்னெண்டு வரைக்கும் காத்திருப்பமா சார்?” என்று கேட்டேன்.

“ஜி.எம். கொன்னுடுவாருப்பா.” சார் கண்ணாடியைத் துடைத்தார். “பத்து இருபத்தஞ்சுன்னு போடு.”

“இப்ப பத்து அம்பது சார்.”

“மெஷினுக்குத் தெரியுமா? நாம சொல்றதுதான அதுக்கு நேரம். போடுப்பா.”

மூன்றாவது டெர்மினலில் இருந்த ஹாஜா சிரித்துவிட்டான். திருமலைராயன்பட்டினத்துக்காரன், என் வயது. “அப்புடியே முந்தாநாத்து தேதியப் போடு மாப்ள, ரெண்டு நாள் சம்பளம் கூடக் கெடைக்கும்.”

நான் பத்து இருபத்தைந்து என்று தட்டினேன். தட்டிய விரல் என்னுடையது. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஹாஜா ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினான். அவசரத்தில் டெர்மினலை மூடாமல் போனான். அறிக்கையும் போய்ச் சேர்ந்தது. மாலையில் பார்த்தால், அந்த மாத உற்பத்திப் பதிவுகள் இருந்த கோப்பு டிஸ்க்கிலேயே இல்லை. பேக்கப் டேப் ஒரு வாரம் பழையது. ஒரு வார வேலை மொத்தமும் போய்விட்டது.

3. ஜி.எம். அறை

சனிக்கிழமை எங்கள் மூன்று பேரையும் ஜி.எம். கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர். கன்சோல் காகிதத்தைக் கிழித்து மேஜையில் வைத்திருந்தார். ஒரு வரியின் கீழ் சிவப்பு மைக் கோடு. டெர்மினல் மூன்று, மணி பன்னிரண்டு இருபது, அழி. கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தப் பெயரில் தொடங்கும் எல்லாவற்றையும் அழி என்று அதற்கு அர்த்தம்.

“பன்னெண்டு இருவதுக்கு அந்த சீட்டுல யாருங்க இருந்தது?”

“நான்தாங்க” என்றான் ஹாஜா. “ஆனா நான் எதையும் அழிக்கல. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்.”

“அப்ப நானுங்களா அழிச்சேன்?”

வைத்தியநாதன் சார் மெதுவாகச் சொன்னார். “அந்த நேரத்துக்கு நான் உங்க ரூம்லதான் சார் டீ குடிச்சிட்டிருந்தேன்.”

“தெரியுமுங்க. ஏனுங் ஹாஜா, துபாய்ல வேலை கெடச்சிருச்சுன்னா இங்க கவனம் இல்லாமப் போயிருமா? அனுபவ சர்டிபிகேட் கேட்டிருந்தீங்கல்ல. அது இனிமே இல்லீங்க. மிஷின் பொய் சொல்லாது.”

ஹாஜாவின் விசா வந்திருந்தது. ‘கம்ப்யூட்டர் ஆபரேட்டர், இரண்டு வருட அனுபவம்’ என்ற ஒரு தாளுக்காகத்தான் காத்திருந்தான். அது இல்லாவிட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும். வெளியே வந்து வராந்தா சுவரில் சாய்ந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பத்து இருபத்தைந்தைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான். இன்னும் நிரந்தரமாகவில்லை. காரணம் இதுதான். பெருமைப்பட ஒன்றுமில்லை.

4. பின்னோக்கிப் போன காகிதம்

சாப்பாட்டு நேரத்தில், ஜி.எம். கிழித்தது போக மீதியிருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். மின்சாரம் போவதற்கு முன்னால் விழுந்த கடைசி வரி: பத்து முப்பத்தெட்டு. அதற்கு அடுத்த வரி, நான் தட்டியது: பத்து இருபத்தைந்து. அந்தக் காகிதத்தில் மணி பின்னோக்கிப் போயிருந்தது.

அதற்குப் பிறகு விழுந்த ஒவ்வொரு வரியிலும் இருபத்தைந்து நிமிடம் குறைவு. காகிதத்தின் பன்னிரண்டு இருபது, சுவரின் பன்னிரண்டே முக்கால். அந்த நேரத்தில் ஹாஜா பள்ளிவாசலில் இருந்தான். மூன்றாவது டெர்மினலில் உட்கார்ந்து “இந்தப் பழைய காப்பிய எல்லாம் தொலைச்சிட்டுப் போறேன்” என்று முணுமுணுத்தவர் வைத்தியநாதன் சார். பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தது நான்.

அவர் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு இருபதுக்கு அவர் டீ குடித்துக்கொண்டிருந்தது நிஜம். தான் போடச் சொன்ன மணியை அவரே நம்பிவிட்டார்.

காகிதத்தை அவர் முன் விரித்தேன். இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“நட்சத்திரத்த நான்தான் போட்டனா?”

“ஆமாங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், “அவன் எப்படியும் வெளிநாடு போறவன்தானப்பா. எனக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு” என்றார்.

“சர்டிபிகேட் இல்லாம எங்க சார் போவான்? நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன். மணியத் தட்டுனது நான்தான்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. காகிதத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். “நீயும் வா” என்றார்.

ஜி.எம். இரண்டு வரிகளையும் பார்த்தார். “நேரத்த எதுக்குங்க மாத்துனீங்க?”

“வெள்ளிக்கெழமை சார். பத்தரைக்கு மேல ராகு காலம்.”

நான் சிரிப்பை எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. “எங்க வீட்டுலயும் பாப்பாங்க” என்றார். “காத்திருப்பாங்க. கடிகாரத்தத் திருப்பி வெக்க மாட்டாங்க.”

திங்கட்கிழமை சர்டிபிகேட் தட்டச்சானது. வைத்தியநாதன் சார் அதை எடுத்துக்கொண்டு தானே ஹாஜாவின் மேஜைக்குப் போனார். “மன்னிச்சிடுப்பா” என்றார். ஹாஜா பதறி எழுந்து, “அதெல்லாம் என்னங்க சார்” என்றான். ஒரு வார வேலையை நாங்கள் மூவரும் சேர்ந்து மறுபடி அடித்தோம். அவருக்கு ஒரு மெமோ வந்தது. எனக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

5. மரத்தடி

அடுத்த மாதம் இன்னொரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு மின்சாரம் போய் வந்தது. டிஸ்க் சுழன்றது. சார் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

“சுவத்தப் பாத்துச் சரியான மணியப் போடு. நான் வேப்ப மரத்தடில இருக்கேன். பன்னெண்டு அடிச்சதும் வரேன்.”

ஓய்வு பெறும்வரை அப்படித்தான் செய்தார். அவருடைய நம்பிக்கையும் கெடவில்லை, மிஷினின் மணியும் கெடவில்லை. நான் அன்றிலிருந்து ஆபரேட்டர் ரிஜிஸ்டரில் இரண்டு கட்டம் போட்டு, மிஷின் மணியையும் சுவர் மணியையும் தனித்தனியாக எழுதினேன். பிறகு வேலை பார்த்த இடங்களிலும் விடவில்லை. மிஷின் சொல்வது அதற்கு யாரோ சொன்னது. அந்த யாரோ நானாகவும் இருக்கலாம். முப்பது வருட வேலையில் நான் கற்றுக்கொண்டதில் இதுதான் முக்கியம்.

ஹாஜா இருபத்தாறு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு இப்போது திருமலைராயன்பட்டினத்தில்தான் இருக்கிறான். போன மாதம் புது லேப்டாப் வாங்கி, திறந்து காட்டக் கூப்பிட்டான். மூடியைத் திறந்த சில நொடிகளில் திரை வந்தது, மூலையில் மணியும் வந்தது.

“பாத்தியா மாப்ள, நம்மகிட்ட ஒண்ணும் கேக்கல” என்றான்.

நான் நிமிர்ந்து அவன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.