சத்தமில்லாத காருக்குக் காது கொடுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை காட்டுப்பாக்கத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது செக்‌ஷன் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. டில்லி அண்ணன் விடியற்காலையில் நெஞ்சுவலியில் தவறிவிட்டாராம். அதற்கு மேலேயே முந்தின நாள் அவர் போட்ட குரல் பதிவு இருந்தது. "பஸ்ஸ உட்டுட்டு என்னாண்ட வந்து ஷேர் ஆட்டோ கதை சொல்லாதம்மா" என்று என்னைக் கிண்டல் செய்திருந்தார். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். அவர் வீடு இருக்கும் அண்ணனூருக்குத்தான் போக வேண்டும் என்பது அம்பத்தூரில் இறங்கிய பிறகே உறைத்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு டில்லிபாபுவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் இரும்பைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் கிரைண்டிங் ஆப்பரேட்டர். நான் தரப் பரிசோதனை. அவர் செய்ததில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். தேனியிலிருந்து வந்து நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "தப்பு கண்டுபுடிக்கிறதுக்குன்னே ஒரு தங்கச்சி வந்துகீது, எல்லாரும் உஷாரா இருங்கப்பா" என்று அறிமுகம் செய்துவைத்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்தான்.

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் எஞ்சின் வால்வு செய்து அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர்கூட அந்தக் காரைத் தொட்டதில்லை. ஆனால் அண்ணனின் போன் ரிங்டோன் அந்தக் காரின் உறுமல்தான். மின்சார ரயிலில் அது அலறினால் பெட்டியே திரும்பிப் பார்க்கும். "அந்த சத்தத்துல நம்ம வால்வும் கீது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனை எடுப்பார்.

அந்தக் கம்பெனி எலெக்ட்ரிக் கார் செய்யப்போவதாகச் செய்தி வந்தது. எலெக்ட்ரிக் காரில் வால்வே கிடையாது. ஆர்டர் நின்றால் எங்கள் செக்‌ஷனை மூட வேண்டியதுதான். டீக்கடையில் தினமும் வாக்குவாதம் நடந்தது. "சத்தமே இல்லாத வண்டிக்கு எவன் கோடி குடுப்பான்?" என்றார் ஒருவர். "பணக்காரன் எத்த உட்டாலும் வாங்குவான்" என்றார் இன்னொருவர். எல்லோரையும்விட அதிகம் கோபப்பட்டவர் அண்ணன்தான். "ஊட்டுல கீற மிக்ஸிகூட சத்தம் போடுது, இது இன்னா வண்டி?" என்று சொல்லி, ரிங்டோனை அம்மன் பாட்டாக மாற்றிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து அதே கம்பெனி எங்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தது. மோட்டாருக்குள் சுழலும் ஷாஃப்ட்டை மாதிரிக்குச் செய்து காட்டச் சொன்னார்கள். தேறினால் செக்‌ஷன் பிழைக்கும். முதல் தொகுதியை, எங்கள் பேச்சில் முதல் லாட்டை, அண்ணன் கிரைண்ட் செய்தார். எல்லா அளவும் சரியாக இருந்ததால் நான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். "ஒரு நிமிஷம் அந்த ஃபேன நிறுத்தும்மா" என்றார். நிறுத்தினேன். சோதனை மேடையில் சுழன்ற ஷாஃப்ட்டிலிருந்து கொசு ரீங்காரம் போல மெல்லிய சத்தம் வந்தது.

லாரி காத்திருக்கிறது, அளவு சரியாக இருந்தால் அனுப்புங்கள் என்றார் மேனேஜர். அண்ணன் அசையவில்லை. "அளவு சரி சார், ஆனா கத்துது. இம்மா நாளு எஞ்சின் சத்தத்துல நம்ம தப்பு ஒளிஞ்சிகினு இருந்துச்சி. இந்த வண்டியில ஒளிய எடமே இல்ல" என்றார். பிறகு, கழித்த பொருளுக்கு அடிக்கும் சிவப்பு பெயிண்டை எடுத்து, தான் செய்த ஷாஃப்ட் ஒவ்வொன்றுக்கும் தானே அடித்தார். ஓர் ஆப்பரேட்டர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. பேனாவை மூடி வைத்தேன், வெட்கமாகத்தான் இருந்தது. கிரைண்டிங் கல்லைச் சீர்செய்யும் முறையையே மாற்றி, இரண்டு வாரம் கழித்து அவர் கொடுத்த லாட் தேறியது.

ஆயுத பூஜை சமயத்தில் அந்தக் கார் கம்பெனிக்காரர்கள் தங்கள் எலெக்ட்ரிக் காரை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து காட்டினார்கள். நம் ஆட்கள் விடுவார்களா? மாலை போட்டார்கள், சந்தனம் வைத்தார்கள். நாலு டயருக்கும் அண்ணன் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டதும் கற்பூரம் ஏற்றலாம் என்று எல்லோரும் காத்திருந்தோம். வண்டி கிளம்பியதே யாருக்கும் தெரியவில்லை. பழம் பச்சக்கென்று நசுங்கி, சாறு அண்ணனின் புது வெள்ளைச் சட்டையில் தெறித்த பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு வண்டியோடு கூடவே நடந்தார். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "நம்ம ஷாஃப்ட்டு உள்ள சுத்துது. ஒண்ணுமே கேக்கல தங்கச்சி" என்றார்.

அண்ணனூரில் தெருவே அதிர மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேல இன்னான்னு கேட்டா, சத்தம் வராம பண்றேன்னுதாம்மா சொல்லும். அது அம்மாம் பெரிய வேலையா?" என்று கேட்டார். பெரிய வேலைதான் அண்ணி என்றேன்.

சிவப்பு பெயிண்ட் அடித்த ஷாஃப்ட் ஒன்று என் மேசையில் இருக்கிறது. அதை யாருக்கும் தரமாட்டேன். கையெழுத்துக்கு முன் ஃபேனை நிறுத்தும் பழக்கமும் அவர் கொடுத்ததுதான். திங்கட்கிழமை அவர் முடித்து வைத்துவிட்டுப் போன லாட் நேற்று என் மேசைக்கு வந்தது. ஃபேனை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஷாஃப்ட்டாகச் சுழலவிட்டு, காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை, அண்ணா. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.