பால்குடம் சிந்திய அன்று ஆத்தா சொன்ன பதில்

என் முட்டி நழுவுவதை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன். மலேசியாவில் ரந்தாவ் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள் நான். பல வருஷத்துக்கு முன் மழையில் சரிவில் வழுக்கி விழுந்தேன். வீங்கியது, எண்ணெய் தேய்த்தேன், வடிந்தது. அதோடு போச்சு என்றிருந்தேன். வயசு ஏற ஏற வலி வந்தது. பிறகு நடக்கும்போதே முட்டி சட்டென்று நழுவ ஆரம்பித்தது.

வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் என் வீட்டுக்காரர் முனியாண்டிக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய் வெறும் சத்தம்தான். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு நான்தான் அவரைத் தூக்க வேண்டும். ஒருநாள் தூக்கும்போது முட்டி நழுவி, ரெண்டு பேரும் தரையில் கிடந்தோம். அவர் அழுதார். எனக்குப் பயம்தான் வந்தது. ஆபரேஷன் என்று நான் படுத்துவிட்டால் இவரை யார் தூக்குவது? தோட்டத்து மாரியம்மனிடம் மட்டும் சொன்னேன். "ஆத்தா, என் காலை நிக்க வை. பால்குடம் எடுக்கிறேன்."

போன வருஷம் ஆடித் திருவிழாவில் எடுத்தேன். என் வீட்டுக்காரரை வீல்சேரில் கோயில் வாசலோரம் உட்கார வைத்திருந்தார்கள். கோயில் வாசலை நெருங்கும்போது முட்டி நழுவியது. குடம் கவிழ்ந்து பால் முழுக்க மண்ணில். வலியில் கத்தினேன். சனங்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? எனக்கு அருள் வந்துவிட்டதாம்! உறுமிக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். பக்கத்து வீட்டுச் சரசக்கா என் வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்து, "ஆத்தா, என் மகளுக்கு எப்ப கல்யாணம் ஆகும், சொல்லு லா" என்று காலைப் பிடித்தார். அதுவும் அந்தக் காலை!

பால் சிந்தியதும் ஆத்தா என்னைத் தள்ளிவிட்டாள் என்றே நினைத்தேன். மனசு விட்டுப்போச்சு.

அப்போது வீல்சேரைப் படபடவென்று அடிக்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர். "காலு... அவ காலு... வலி!" ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். என்னோடு விழுந்த அவருக்கு மட்டும்தானே தெரியும். உறுமி நின்றது. சரசக்கா என் முட்டியைப் பார்த்து, "அடிப்பாவி, இதை வச்சுக்கிட்டா இவரைத் தூக்குன?" என்று அழுதார்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "உள்பக்கம் மட்டும்தான் தேய்ஞ்சிருக்கும்மா, முழு முட்டியும் மாத்த வேணாம். ஆனா பழைய அடியில ஜவ்வு அறுந்திருக்கு. தேய்ஞ்ச பாதியை மட்டும் மாத்தினா, முட்டி ஆடி ஆடி அதுவும் கெட்டுடும். ரெண்டையும் சேர்த்தே செஞ்சிடலாம்." அப்படியே செய்தார்கள். ஜவ்வுக்கு என் தொடையிலிருந்தே தசைநார் எடுத்துக் கட்டினார்கள்.

நடைப் பயிற்சியில் கண்ணீர் விட்டிருக்கிறேன். ஆனால் நான் படுத்திருந்த மாதங்களில், எனக்கு அருள் வந்ததென்று நம்பிய அதே சனங்கள் முறை வைத்து வந்து என் வீட்டுக்காரரைத் தூக்கினார்கள்.

அம்மனை நம்பும் சொந்தங்களே, உங்கள் கஷ்டத்தை அவளிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். நான் அவளிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் பாலைக் கொட்டி, ஊருக்கே சொல்லிவிட்டாள்.

இந்த ஆடியில் டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுபடியும் பால்குடம் எடுத்தேன். அதே இடத்தில் உறுமி முழங்கியது. முட்டி நழுவவில்லை. அபிஷேகம் முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் கையை நீட்டி என் முட்டியைத் தொட்டார்.

"வலி?" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.